காலிச் சீட்டைப் பார்த்து ஊரையே கூட்டி வரலாமா?

போன செமஸ்டரில் ஒரு புதன்கிழமை. காலை 11 மணி இருக்கும். எங்க டிபார்ட்மென்ட்ல இன்டர்னல் டெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. எல்லாரும் போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணி, பையில் போட்டு, பைகளை வராண்டாவில் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தோம். அதே நேரத்தில் நான் எழுதிய ஒரு புரோகிராம், டிபார்ட்மென்ட்டில் படிக்கிற சுமார் 480 பேரின் வீட்டுக்கும் ஒரே மெசேஜை அனுப்பிக்கொண்டிருந்தது: “தங்கள் மகன்/மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை.”

மெசேஜ் பார்த்த பெற்றோர் என்ன செய்வாங்க? பிள்ளைக்குப் போன் அடிப்பாங்க. போன் ஸ்விட்ச் ஆஃப். கூடப் படிக்கிற பையனுக்கு அடிப்பாங்க. அவன் போனும் ஸ்விட்ச் ஆஃப். டெஸ்ட் முடிந்து வெளியே வந்தபோது ஒவ்வொருத்தர் போனிலும் பத்து, இருபது மிஸ்டு கால். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு லோடு ஆட்டோ நின்றது, பின்னால் வாழைத்தார் அப்படியே இருந்தது. ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு ஒருத்தியின் அப்பா. சரக்கை இறக்கக்கூட நிற்காமல் நேராக இங்கே வந்துவிட்டார். “பிள்ளை வரலன்னு மெசேஜ் வந்துச்சுய்யா. போன் அடிச்சா ஸ்விட்ச் ஆஃப்னு வருது”ன்னு வாட்ச்மேனிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் ஓடி வந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்: “சாப்டியாம்மா?” பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவரிடம் போய் “அந்த மெசேஜ் நான் அனுப்பினதுங்க”ன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கட்டுரை கொஞ்சம் அதற்காகவும்தான்.

நடந்தது ஹேக் இல்லை, சர்வர் கோளாறும் இல்லை. அன்றைக்கு செகண்ட் இயர் பி செக்‌ஷனில் ஒருத்தர்கூட லீவு போடவில்லை. டெஸ்ட் ஆச்சே! வராதவர்களின் லிஸ்ட் காலியாக இருந்தது. அந்தக் காலி லிஸ்ட்டை என் கோடு “எல்லாரும்” என்று படித்துவிட்டது.

ஒரு வரி இஃப், 480 வீடு

புரோகிராம் ரொம்ப எளிமையானது. ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் சார் அட்டெண்டன்ஸ் போட்டு சப்மிட் கொடுத்ததும், வராதவர்களின் ஐடிகளை ஒரு லிஸ்ட்டாக எடுப்பேன். அந்த லிஸ்ட்டை இன்னொரு க்வெரிக்குள் வைத்து, அவர்களின் பெற்றோர் நம்பரை எடுப்பேன்:

செலக்ட் பேரன்ட்_போன் ஃப்ரம் ஸ்டூடன்ட்ஸ் வேர் ஐடி இன் (12, 45, 78)

ஐடியே கையில் இருக்கும்போது செக்‌ஷன் எதுக்கு என்று அந்தக் கண்டிஷனை நான் சேர்க்கவில்லை. முதல் தடவை டெஸ்ட் டேட்டா வைத்து ஓட்டியபோது, லீவு யாரும் இல்லாத ஒரு செக்‌ஷனில் புரோகிராம் நின்றுவிட்டது. க்வெரி இப்படி ஆகியிருந்தது:

... வேர் ஐடி இன் ()

மைஎஸ்க்யூஎல் சிண்டாக்ஸ் எரர் என்று சொன்னது. ரிவ்யூவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. நான் என்ன செய்தேன்? நம்மில் பெரும்பாலோர் செய்வதைத்தான் செய்தேன். லிஸ்ட்டில் ஏதாவது இருந்தால் மட்டும் அந்த வேர் பகுதியைச் சேர், இல்லையென்றால் விட்டுவிடு. ஒரே ஒரு இஃப். எரர் போய்விட்டது. ரிவ்யூவில் நல்ல மார்க்கும் வந்தது.

எரர் போனது உண்மை. ஆனால் ஃபில்டரும் கூடவே போய்விட்டதே! வேர் இல்லாத செலக்ட் டேபிளில் இருக்கிற எல்லாரையும் கொடுக்கும். எச்சரித்த நாயைக் கட்டிப்போட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்தவன் நான்தான்.

அட்டெண்டர் அண்ணாவுக்குத் தெரியும்

கொஞ்சம் கோடை மறந்துவிடுவோம். ஹெச்ஓடி ஒரு சீட்டைக் கொடுத்து, “இதுல பேர் இருக்கிறவங்களைக் கூட்டிட்டு வாங்க” என்று அட்டெண்டர் அண்ணாவை அனுப்புகிறார். அண்ணா வராண்டாவில் சீட்டைப் பிரித்துப் பார்க்கிறார். காலி. அவர் என்ன செய்வார்? “யார் பேரும் இல்லீங்க சார்” என்று திரும்பி வருவார். அல்லது “சார், சீட்டு மாறிப்போச்சா?” என்று கேட்பார். எந்த அட்டெண்டரும் காலிச் சீட்டைப் பார்த்துவிட்டு, டிபார்ட்மென்ட் மொத்தத்தையும் ஹெச்ஓடி ரூமுக்கு ஓட்டிக்கொண்டு வரமாட்டார். என் புரோகிராம் செய்தது சரியாக அதைத்தான்.

என் கருத்து இதுதான்: காலி லிஸ்ட் ஒரு பதில். “தேடினேன், யாரும் இல்லை” என்ற முழுமையான பதில். அதை “ஒன்றும் கேட்கவில்லை” என்று மாற்றிப் படிக்க நமக்கு உரிமை கிடையாது. சீட்டு காலியாக இருப்பது வேறு, சீட்டே கொடுக்காமல் இருப்பது வேறு. டேட்டாபேஸ் ஃபில்டர் எழுதும் ஒவ்வொருவரும் இந்த இரண்டையும் கோடில் பிரித்துக் காட்டியாக வேண்டும்.

இது என் சொந்த விருப்பம் மட்டும் இல்லை, கணக்கும் இதைத்தான் சொல்கிறது. “ஐடி இன் (12, 45, 78)” என்றால் ஐடி 12 ஆக இருக்க வேண்டும், அல்லது 45, அல்லது 78. இன் என்பது “அல்லது”களின் சங்கிலி. சங்கிலியில் ஒரு கண்ணிகூட இல்லையென்றால் உண்மையாக ஒன்றும் இல்லை, ஆகவே விடை பொய். ஒரு வரியும் வரக்கூடாது. பைத்தானில் எனி ( [ ] ) என்று போட்டுப் பாருங்க, ஃபால்ஸ் என்று வரும். ஆல் ( [ ] ) போட்டால் ட்ரூ வரும். ஜாவாஸ்கிரிப்டில் சம், எவ்ரி இரண்டும் அப்படியே. டிஸ்கிரீட் மேத்ஸில் வெற்றுக் கணம் என்று படித்துவிட்டு எக்ஸாமுக்குப் பிறகு மறந்தோமே, அது இங்கேதான் வந்து நிற்கிறது.

நாட் இன் என்று வந்தால் கதை தலைகீழ். “12 ஆக இருக்கக்கூடாது, மற்றும் 45 ஆக இருக்கக்கூடாது” என்பது “மற்றும்”களின் சங்கிலி. விலக்க வேண்டியவர் யாரும் இல்லையென்றால் எல்லாரும் வரலாம். பிளாக் பண்ணினவர்கள் லிஸ்ட் காலியா? அப்போ எல்லாருடைய போஸ்ட்டும் தெரியணும். சரிதானே?

இந்த இடத்தில்தான் நம்மை ஏமாற்றும் பொறி இருக்கிறது. நாட் இன்னில் “லிஸ்ட் காலியென்றால் கண்டிஷனை எடுத்துவிடு” என்ற அந்த ஒரு வரி இஃப் சரியான விடையைத் தரும். அதை ஒருமுறை எழுதிப் பழகிய கை, இன்னிலும் அதையே எழுதும். அங்கே மருந்தாக இருந்தது இங்கே விஷம்.

டேட்டாபேஸ் ஏன் அடம் பிடிக்கிறது?

எட்கர் காட் 1970இல் ரிலேஷனல் மாடல் கட்டுரையை வெளியிட்டபோது அடிப்படையாக எடுத்துக்கொண்டது கணக் கோட்பாட்டை. அதில் காலிக் கணம் ஒரு சாதாரண கணம்தான். எஸ்க்யூஎல்லிலும் பல இடங்களில் அப்படியே. காலி டேபிளிலிருந்து செலக்ட் செய்தால் எரர் வராது. இன் அடைப்புக்குள் ஒரு சப்க்வெரி எழுதி, அது ஒரு வரியும் தராவிட்டாலும் எரர் வராது, முடிவு காலியாக வரும், அவ்வளவுதான். ஆனால் நாமே கையால் மதிப்புகளை எழுதும்போது மட்டும், குறைந்தது ஒரு மதிப்பாவது வேண்டும் என்று எஸ்க்யூஎல் தரநிலையின் இலக்கணம் சொல்கிறது. அதனால்தான் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர் எல்லாம் காலி அடைப்பைப் பார்த்ததும் சிண்டாக்ஸ் எரர் தருகின்றன. எஸ்க்யூலைட் மட்டும் பெருந்தன்மையாக ஏற்றுக்கொள்கிறது: இன் என்றால் பொய், நாட் இன் என்றால் உண்மை. இடப்பக்கம் நல் இருந்தாலும் அதே விடைதான்.

இதில் ஒரு சிக்கல் நமக்கே நமக்கானது. லேப்டாப்பில் எஸ்க்யூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்று வைத்து புராஜெக்ட் செய்யும் டீம் நிறைய இருக்கு. கையால் க்வெரி எழுதியிருந்தால் நம்ம மெஷினில் எல்லாம் ஓடும், டெமோ அன்றைக்கு சர்வரில் விழும். “என் லேப்டாப்ல ஓடுச்சு சார்” என்பது இந்த விஷயத்தில் பொய் இல்லை, உண்மையே.

சிண்டாக்ஸ் எரர் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனாலும் அது நல்ல நண்பன். “டேய், நீ என்ன கேக்கறன்னு எனக்குப் புரியல” என்று நிற்கிறது. தப்பான 480 பேரைக் கொண்டுவந்து கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். தப்பு, எரரில் இல்லை. எரரை அமுக்க நாம் போடும் ஒட்டுகளில் இருக்கு.

நாம் போடும் ஒட்டுகள்

முதல் ஒட்டு, நான் போட்டது: கண்டிஷனையே எடுத்துவிடுவது. இதைச் செலக்ட்டில் செய்தால் தேவையில்லாத தகவல் வெளியே போகும். டெலீட்டில் செய்தால் டேபிளே போகும். ஜாவாவில் மைபாட்டிஸ் பயன்படுத்தும் சீனியர்கள் இதைக் கவனிக்கணும். அதன் ஃபார்ஈச் டேகுக்குக் காலி லிஸ்ட் கொடுத்தால் அது எதையும் எழுதாது. ‘இன்’ என்ற சொல் மட்டும் அந்தரத்தில் நிற்கும், எரர் வரும். உடனே எல்லாரும் வெளியே ஒரு இஃப் டேகைச் சுற்றுவார்கள், சைஸ் பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்தால் மட்டும் என்று. எரர் மறையும், கூடவே வேரும் மறையும். என் கதையேதான், மொழி மட்டும் வேறு.

இரண்டாவது ஒட்டு: காலியாக இருந்தால் உள்ளே நல் போடுவது. ‘ஐடி இன் (நல்)’ எந்த வரியையும் தராது, ஆகவே சரியாகத் தெரியும். அதே பழக்கத்தில் ‘ஐடி நாட் இன் (நல்)’ என்று எழுதினால்? எல்லாரும் வர வேண்டிய இடத்தில் ஒருத்தரும் வரமாட்டார்கள். ஏனென்றால் நல்லோடு எதை ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை, ‘தெரியாது’. வேர், ‘தெரியாது’ வரும் வரிகளை உள்ளே விடாது.

மூன்றாவது ஒட்டு: -1 போடுவது. “எந்த ஸ்டூடன்ட்டுக்கும் ஐடி -1 இருக்காதே மச்சி!” இன்றைக்கு இருக்காது. நாளைக்கு யாராவது ‘கெஸ்ட்’ என்று ஒரு வரியை -1இல் போட்டு வைப்பான். எந்த எண்ணுக்கு எந்த ரகசிய அர்த்தம் என்பது எழுதினவன் தலையில் மட்டும் இருக்கும். அவன் பாஸ் அவுட் ஆகிப் போயிருப்பான்.

பெரியவர்கள் எப்படித் தீர்த்தார்கள்?

நாம் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க்குகளை எழுதினவர்களும் இதே பள்ளத்தைப் பார்த்தவர்கள்தான். அவர்கள் எடுத்த முடிவைப் பார்த்தால் நமக்குத் தெளிவு வரும்.

லாராவெலில் வேர்இன்னுக்குக் காலி அரே கொடுத்தால், அது க்வெரியில் ‘0 = 1’ என்று எழுதுகிறது. ஒருபோதும் உண்மையாகாத கண்டிஷன். வேர்நாட்இன்னுக்குக் கொடுத்தால் ‘1 = 1’. ரெயில்ஸும் அப்படித்தான், ‘1=0’ என்று எழுதும். ஜாங்கோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஃபில்டரில் ஐடி__இன் காலி லிஸ்ட் என்றால், விடை காலி என்று அதற்கே தெரியும். ஆகவே டேட்டாபேஸ் பக்கமே போகாமல் காலி க்வெரிசெட்டைத் தந்துவிடும். ஒரு பயணம் மிச்சம்.

எஸ்க்யூஎல்ஆல்கெமியின் கதை சுவாரசியமானது. பழைய பதிப்புகளில் காலி இன்னுக்கு ‘ஐடி != ஐடி’ என்று எழுதி, கூடவே ஒரு எச்சரிக்கையும் காட்டும். தன்னோடு தானே சமம் இல்லை என்றால் எந்த வரியும் வராது, புத்திசாலித்தனம்தான். ஆனால் அந்தக் காலத்தைத் தொட்டு எழுதியதால் டேட்டாபேஸ் ஒவ்வொரு வரியையும் எடுத்துப் பார்க்க நேரும், பெரிய டேபிளில் அது வீண் வேலை. நல் இருக்கும் வரிகளில் விடை ‘பொய்’ என்று வராமல் ‘தெரியாது’ என்று வரும். 1.2 பதிப்பில் அதை மாற்றி ‘1 != 1’ என்று ஆக்கினார்கள். 1.4 முதல் ஒரு வரியும் தராத சப்க்வெரியை வைக்கிறார்கள். ஒரு காலி அடைப்புக்குறிக்காக இத்தனை வருஷம், இத்தனை யோசனை! நாம் ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி ஒரு இஃப்பில் முடித்துவிட்டோம்.

மாங்கோடிபியில் இன்னுக்குக் காலி அரே கொடுத்தால் எதுவும் பொருந்தாது. ஆனால் ஆர், ஆண்ட் இரண்டுக்கும் காலி அரே கொடுத்தால் எரர் தந்து நின்றுவிடும். அர்த்தம் தெளிவாக இருக்கும் இடத்தில் பதில் சொல்லு, சந்தேகமான இடத்தில் நில்லு. அட்டெண்டர் அண்ணா செய்த அதே இரண்டு வேலை.

ஆனால் ஃபிரேம்வொர்க் இருக்கே என்று தூங்கிவிடாதீங்க. அங்கேயும் பள்ளம் உண்டு. ஜாங்கோவில் தேடல் சொற்களை ஒவ்வொன்றாக ‘அல்லது’ போட்டுச் சேர்க்க, காலியான க்யூ ஆப்ஜெக்டில் ஆரம்பிப்போம். சொல் ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் காலி க்யூ “கண்டிஷனே இல்லை” என்று ஆகி எல்லா வரியையும் தந்துவிடும். பிரிஸ்மாவில் வேருக்குள் ஒரு ஃபீல்டுக்கு அன்டிஃபைன்ட் போனால், வழக்கமான அமைப்பில் அந்த ஃபில்டர் இல்லாததாகவே எடுத்துக்கொள்ளும். அதை டெலீட்மெனியில் வைத்துக் கற்பனை செய்து பாருங்க. வேண்டாம், கற்பனையோடு நிறுத்திக்கோங்க.

“ஆனா ஷாப்பிங் ஆப்ல அப்படி இல்லையே?”

இதை என் ரூம்மேட்டிடம் சொன்னபோது அவன் உடனே மடக்கினான். “டேய், ஷாப்பிங் ஆப்ல பிராண்ட் ஃபில்டர்ல ஒண்ணையும் டிக் பண்ணலன்னா எல்லா ஷூவும்தானே காட்டுது? காலின்னா எல்லாம்னு அங்க அர்த்தம் இருக்கே. நீ சொல்றபடி பார்த்தா ஒரு ஷூவும் வரக்கூடாது.”

நியாயமான கேள்வி. இந்தக் குழப்பத்தின் வேரே அதுதான் என்று நினைக்கிறேன். நாம் எல்லாரும் முதலில் பழகியது திரையில் இருக்கும் ஃபில்டருடன். டிக் பண்ணாமல் விட்டவர் “எந்த பிராண்டும் வேண்டாம்” என்று சொல்லவில்லை, “பிராண்ட் பற்றி எனக்குக் கவலையில்லை” என்கிறார். அதாவது அவர் சீட்டே கொடுக்கவில்லை. ஆனால் திரையிலிருந்து கோடுக்கு வரும்போது அதுவும் ஒரு காலி லிஸ்ட்டாகத்தான் வந்து விழுகிறது. வராதவர்கள் யாரும் இல்லை என்ற என் லிஸ்ட்டும் காலி லிஸ்ட்டே. உருவம் ஒன்று, அர்த்தம் இரண்டு.

அதனால் மொழிபெயர்ப்பை வாசலிலேயே முடித்துவிடணும் என்பது என் வாதம். திரையிலிருந்து வரும் காலி டிக்கை, உள்ளே நுழையும்போதே ‘நன்’ அல்லது ‘நல்’ என்று மாற்றிவிடுங்க: “ஃபில்டர் கேட்கப்படவில்லை”. அதற்கு உள்ளே இருக்கிற க்வெரி ஃபங்ஷனுக்கு ஒரே விதிதான். நன் வந்தால் அந்த ஃபில்டர் இல்லை. லிஸ்ட் வந்தால் அந்த லிஸ்ட்டில் இருப்பவர்கள் மட்டும், காலி லிஸ்ட்டாக இருந்தால் யாரும் இல்லை.

இங்கே மொழிகளும் நம்மைக் காலை வாரும். பைத்தானில் வெறுமனே ‘இஃப் லிஸ்ட்’ என்று எழுதினால், நன், காலி லிஸ்ட் இரண்டுமே பொய்யாகிவிடும். நாம் பாடுபட்டுப் பிரித்த இரண்டு அர்த்தத்தையும் அந்த ஒரு வரி திரும்பவும் கலக்கிவிடும். ‘லிஸ்ட் இஸ் நன்’ என்று தெளிவாகக் கேளுங்க. பிஎச்பியிலும் காலி அரே பொய்தான். ஜாவாஸ்கிரிப்டில் நேர் எதிர், காலி அரே உண்மை! பைத்தானில் எழுதின லாஜிக்கை அப்படியே நோடுக்கு மாற்றும்போது நடத்தை மாறிவிடும், எரர் எதுவும் வராது.

“நெத்தியில எழுதினதை யாரு மாத்த முடியும், பக் வரத்தான் செய்யும்” என்பவர்களும் இருக்காங்க. வரும்தான். ஆனால் எல்லா பக்கும் ஒரே விலை இல்லை. பட்டன் நிறம் மாறிப்போனால் சிரிச்சிட்டுப் போவோம். ஃபில்டர் காணாமல் போனால், யாருக்குப் போகக்கூடாதோ அவங்களுக்கெல்லாம் போகும். மைஎஸ்க்யூஎல் கிளையன்ட்டில் சேஃப்-அப்டேட்ஸ் என்று ஓர் ஆப்ஷன் இருக்கு. அதைப் போட்டால், கீ ஃபில்டரோ லிமிட்டோ இல்லாத அப்டேட், டெலீட் இரண்டையும் ஓட விடாது. அந்த ஆப்ஷனுக்கு இன்னொரு பெயரும் அதிகாரபூர்வமாகவே உண்டு: ‘ஐ-ஆம்-எ-டம்மி’. இவ்வளவு பெரிய டேட்டாபேஸை எழுதினவர்களே நம்மைப் பற்றி இப்படித்தான் எதிர்பார்த்து வைத்திருக்காங்க. கோபப்பட என்ன இருக்கு? போட்டுக்கொள்வதுதான் மரியாதை.

சரி, என்ன செய்யலாம்?

நான் இப்போது பின்பற்றுவது இவ்வளவுதான்.

ஒன்று, முடிந்தால் லிஸ்ட்டை வெளியே எடுக்கவே எடுக்காதீங்க. நான் செய்த மடத்தனம், வராதவர்களின் ஐடிகளை டேட்டாபேஸிலிருந்து கோடுக்கு எடுத்து, திரும்பவும் டேட்டாபேஸுக்கே அனுப்பியது. அட்டெண்டன்ஸ் டேபிளும் ஸ்டூடன்ட்ஸ் டேபிளும் ஒரே இடத்தில்தானே இருக்கு? ஒரு ஜாயினோ, இன்னுக்குள் ஒரு சப்க்வெரியோ போதும். வராதவர் யாரும் இல்லையென்றால் விடை தானாகவே காலி. நாட் இன்னுக்குள் சப்க்வெரி வைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை, உள்ளே ஒரே ஒரு நல் வந்தாலும் மொத்தமும் காலியாகிவிடும். அங்கே நாட் எக்ஸிஸ்ட்ஸ் பாதுகாப்பு.

இரண்டு, லிஸ்ட் வெளியிலிருந்துதான் வருகிறது என்றால், காலியாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுங்க. க்வெரியே வேண்டாம், காலி லிஸ்ட்டைத் திருப்பிக் கொடுங்க. நன்னைத் திருப்பாதீங்க, அப்புறம் அதை வாங்குகிறவன் குழம்புவான்.

மூன்று, போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தினால் இன்னுக்குப் பதில் ‘ஐடி = எனி (அரே)’ என்று எழுதலாம். காலி அரேவைச் சிக்கல் இல்லாமல் ஏற்கும், ஒரு வரியும் தராது. விலக்குவதற்கு ‘ஐடி <> ஆல் (அரே)’. பைத்தானில் சைகோபிஜி2 பயன்படுத்துகிறவர்கள் கவனிங்க: டியூபிள் கொடுத்தால் அது இன்னுக்கான அடைப்பாக மாறும், காலியென்றால் எரர். லிஸ்ட் கொடுத்தால் அரேவாக மாறும்.

நான்கு, டெஸ்ட் எழுதும்போது மூன்று கேஸ் கட்டாயம்: பூஜ்ஜியம், ஒன்று, பல. நாம் ‘பல’வை மட்டும் பார்த்துவிட்டு “ஒர்க் ஆகுது” என்கிறோம். பூஜ்ஜியம் அபூர்வமான கேஸ் கிடையாது. எல்லாரும் வந்த வகுப்பு, யாரும் ஃபெயில் ஆகாத பேப்பர், பாக்கி வைக்காத ஹாஸ்டல் மெஸ் கணக்கு. யோசித்துப் பார்த்தால், நம்ம ஆப்களில் காலி லிஸ்ட் வருவது பெரும்பாலும் ஒரு நல்ல நாளில்தான். நல்ல நாளில் பார்த்து உடையும் புரோகிராமை எழுதிவிட்டு என்ன பெருமை?

ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். டிபிஎம்எஸ் லேபில் இன் ஆப்பரேட்டருக்கு மூன்று ஊர்ப் பெயரைப் போட்டு ஒரு க்வெரி எழுதி, அவுட்புட்டை ரெக்கார்டில் ஒட்டிவிடுகிறோம். வைவாவில் “டிராப்புக்கும் டெலீட்டுக்கும் என்ன வித்தியாசம்?” என்பது வழக்கமான கேள்வி. அதோடு “அடைப்புக்குள்ள ஒண்ணுமே இல்லன்னா என்னம்மா வரும்? என்ன வரணும்?” என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்க. முதல் பாதிக்கு டேட்டாபேஸ் பதில் சொல்லும். இரண்டாம் பாதிக்கு யோசித்தால்தான் பதில் வரும்.

என் கோடை அன்றைக்கு மத்தியானமே திருத்திவிட்டேன். ஒரே சப்க்வெரி, இஃப் எதுவும் இல்லை. செக்‌ஷன் கண்டிஷனையும் சேர்த்தேன். ஹெச்ஓடி சொன்னபடி 480 வீட்டுக்கும் மன்னிப்பு மெசேஜ் போனது. அதை அனுப்ப மட்டும் எந்த ஃபில்டரும் தேவைப்படவில்லை.

அதற்கு அடுத்த வாரமும் ஒரு செக்‌ஷனில் எல்லாரும் வந்திருந்தார்கள். லாகைத் திறந்து பார்த்தேன். அனுப்பியவை: 0. அந்தப் பூஜ்ஜியத்தைப் பார்த்து நான் பட்ட நிம்மதி, சிஜிபிஏ பார்த்துக்கூட பட்டதில்லை.

உங்க புராஜெக்டை இன்றைக்கு ராத்திரி ஒருமுறை திறந்து பாருங்க. ‘இன்’ என்று தேடுங்க. அதற்கு மேலே ஒரு சின்ன இஃப் உட்கார்ந்திருந்தால், அதைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்க: சீட்டு காலியா, இல்ல சீட்டே கொடுக்கலையா?